காற்று வாங்க ஓர் இடம்: மும்பைத் தமிழர்களும் நகரத்தின் திறந்தவெளிகளும்

மாட்டுங்காவில் டாக்டர் அம்பேத்கர் சாலை மேம்பாலத்துக்கு அடியில் 2016ஆம் ஆண்டு ஒரு பூங்கா திறக்கப்பட்டது. பாலத்தடி நிலம் வண்டி நிறுத்துமிடமாகவும் குப்பைமேடாகவும் ஆகிவிடக் கூடாது என்று அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் விடாமல் கேட்டதன் விளைவு அது. ஏறக்குறைய 600 மீட்டர் நீளமுள்ள அதன் நடைபாதை, நர்மதை ஆற்றின் போக்கைப் பின்பற்றி வளைந்து வளைந்து செல்கிறது. தலைக்கு மேலும் இரு பக்கங்களிலும் போக்குவரத்து ஓய்வதில்லை. இயற்கை என்று சொல்லிக்கொள்ள ஓரத்துச் செடிகளும் கொஞ்சம் புல்லும்தான் உண்டு. இதைவிடப் பல மடங்கு மரநிழல் கொண்ட ஃபைவ் கார்டன்ஸ் என்ற தோட்டத் தொகுதி நடந்து போகிற தொலைவிலேயே இருக்கிறது. ஆனாலும் இந்தப் பாலத்தடிக்கு ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் வருகிற முதியவர்களும் பெண்களும் நிறைய உண்டு. அவர்களில் தமிழர்களும் உண்டு.

அவர்களிடையே அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்றுதான்: "என்ன சார், ரெண்டு நாளா ஆளையே காணோம்?" கேட்பவருக்கு எதிரே வருபவரின் பெயர் தெரியாமல் இருக்கலாம், வீடு எங்கே என்று நிச்சயமாகத் தெரியாது. எந்த நேரத்தில் வருவார், எந்தப் பெஞ்சில் உட்காருவார், எத்தனை சுற்று நடப்பார் என்பது மட்டும் தெரியும். இந்த உறவுக்குத் தமிழில் முகப்பழக்கம் என்று துல்லியமான ஒரு சொல் இருக்கிறது. திறந்தவெளி உடலுக்கும் மனத்துக்கும் நல்லது என்று விளக்குகிறவர்கள் மரம், வெயில், காற்று, நடை ஆகியவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு இந்த முகப்பழக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் கணக்கில் பாதி காணாமல் போகிறது என்பது என் கருத்து. முகப்பழக்கம் தானாக முளைப்பதும் இல்லை. அதற்குப் பூட்டாத வாயில் வேண்டும், உட்கார ஒரு திட்டு வேண்டும், பக்கத்தில் கழிப்பறை வேண்டும், 'இங்கே என்ன வேலை' என்று யாரும் கேட்காத நிலை வேண்டும். மும்பையில் இவையெல்லாம் யாருக்கு எப்படிக் கிடைத்தன, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள நூறாண்டுக்கும் மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கடற்காற்றுக்காக வெட்டிய தெருக்கள்

1896ஆம் ஆண்டு, மாண்ட்வி துறைமுகப் பகுதியில் பிளேக் நோய் தலைகாட்டியது. சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கானோர் நகரத்தை விட்டு ஓடினார்கள். 1898இல் அரசு பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்ற அமைப்பை ஏற்படுத்தியது. பிளேக் கிருமி 1894இலேயே ஹாங்காங்கில் கண்டறியப்பட்டுவிட்டது. எலித் தெள்ளின் வழியாக அது பரவுகிறது என்பதையும் 1898இல் பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் காட்டிவிட்டார். ஆனால் நகரத்தைத் திட்டமிட்டவர்களின் மனத்தில் இன்னும் பழைய நம்பிக்கையே குடியிருந்தது: தேங்கிய காற்றுதான் நோய்க்குக் காரணம், நெரிசலான சந்துகளுக்குள் கடற்காற்றைப் புகவிட்டால் நோய் அகலும். அந்த எண்ணத்தோடுதான் பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் மேற்குக் கடலிலிருந்து நகரின் உட்பகுதியை நோக்கி அகலமாக வெட்டப்பட்டன. காரணம் தப்பு, காரியம் தப்பில்லை என்று சொல்லத்தக்க வேலைகள் வரலாற்றில் உண்டு. அவற்றில் இது ஒன்று.

அதே டிரஸ்ட், நெரிசலைக் குறைக்க வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் திட்டமிட்ட புறநகர்களை உருவாக்கியது. அகலமான சாலைகள், சாலையோர மரங்கள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி, பொதுத் தோட்டங்கள் என்று எல்லாம் வரைபடத்திலேயே இடம்பெற்றன. பார்சி காலனியின் ஃபைவ் கார்டன்ஸ் அப்படிப் பிறந்ததுதான். ரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தராகவும் கணக்கராகவும் சுருக்கெழுத்தாளராகவும் பணிக்கு வந்த தமிழர்கள், கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் மாட்டுங்காவைத் தங்கள் பேட்டையாக்கிக்கொண்டார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தொடங்கப்பட்டது. கோவில், பள்ளி, காப்பிக்கடை, பூக்கடை எல்லாம் நடந்து போகும் தொலைவில் அமைந்தன. மாலையில் 'காற்று வாங்க' வெளியே போவது ஊரில் எப்படி இயல்போ, அப்படியே இங்கும் இயல்பாக இருந்தது. வாங்குவதற்குக் காற்று இருந்தது, வாங்கும்படி இடமும் விடப்பட்டிருந்தது.

இதே ஆண்டுகளில் மாட்டுங்காவிலிருந்து ஒரு ரயில் நிலையத் தொலைவில் வேறொரு தமிழர் பேட்டையும் உருவாகிக்கொண்டிருந்தது. தோல் பதனிடும் தொழிலை நாற்றத்துக்கும் கழிவுக்கும் பயந்து நகரத்துக்கு வெளியே தள்ளியபோது, அது வந்து சேர்ந்த இடம் மித்தி ஆற்றங்கழியை ஒட்டிய தாராவிச் சதுப்பு நிலம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உழைப்பாளிகள் அந்தத் தோல் கிடங்குகளில் வேலை செய்தார்கள். குப்பையையும் கல்லையும் கொட்டிச் சேற்றை மேடாக்கித் தாங்களே மண்ணை உண்டாக்கி அதன்மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். கெட்ட காற்று குறித்து நகரம் கொண்ட ஒரே அச்சம் மாட்டுங்காவுக்குத் தோட்டத்தைத் தந்தது, தாராவிக்கு அந்தக் கெட்ட காற்றையே தந்தது. மும்பைத் தமிழர்களின் திறந்தவெளி அனுபவம் ஒன்றல்ல, குறைந்தது இரண்டு என்பதை இந்த வரலாறு சொல்லிவிடுகிறது.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

திறந்தவெளியின் நன்மை பற்றிய ஆய்வுகளில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த படுக்கையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த படுக்கையில் இருந்தவர்களைவிட ஏறத்தாழ முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணிகளையும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். 2019இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் விடைகளைக் கொண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடங்களாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் நல்ல உடல்நலமும் மனநிறைவும் இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. அந்த 120 நிமிடங்களை ஒரே மூச்சில் கழித்தாலும் பல நாள்களுக்குப் பிரித்துக் கழித்தாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்களோ என்ற ஐயத்தை இத்தகைய ஆய்வு முழுதும் தீர்க்க முடியாது. ஆய்வாளர்களும் அப்படித் தீர்த்ததாகச் சொல்லவில்லை.

இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வேறொரு ஆய்வு, மரங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. 2010இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் அவருடைய சக ஆய்வாளர்களும் 148 ஆய்வுகளைத் தொகுத்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஆராய்ந்தார்கள். வலுவான சமூகத் தொடர்புகள் உள்ளவர்கள், ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. தனிமை என்பது மனக்குறை மட்டுமல்ல, உடலைத் தின்னும் ஒன்று என்பதை மருத்துவ உலகம் இத்தகைய சான்றுகளுக்குப் பிறகே முழுமையாக ஏற்றுக்கொண்டது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் சமூகத் தொடர்புக்கென்றே தனி ஆணையம் அமைத்தது. உடலுழைப்பு குறித்த செய்தியும் நமக்கு உவப்பானதில்லை. 2024இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் போதுமான அளவு உடலை அசைப்பதில்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். இந்த 15 புள்ளி இடைவெளிக்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே வந்து வேலை எதுவும் இல்லாமல் நிற்பதற்கு இந்த நகரத்தில் எத்தனை இடங்கள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பது அவ்வளவு எளிதல்ல.

மரமும் நடையும் முகப்பழக்கமும் ஒன்றுசேரும்போது ஒன்றை ஒன்று தாங்குகின்றன. தனியாக நடக்கத் தீர்மானம் செய்தவர் மூன்றாம் வாரம் விட்டுவிடுகிறார். நான்கு பேர் காத்திருப்பார்கள் என்று தெரிந்தவர், தூக்கம் கலையாமலே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார். வெளியே வரும் காரணம் உடம்பாக இருக்கலாம். தொடர்ந்து வரும் காரணம் பெரும்பாலும் ஆள்கள்தான்.

நகைச்சுவை தீர்ந்துபோன பிறகு

இதற்கு மும்பையே உலகத்துக்குக் கொடுத்த எடுத்துக்காட்டு சிரிப்பு மன்றம். 1995 மார்ச் 13 அன்று அந்தேரியின் லோக்கண்ட்வாலா குடியிருப்புப் பகுதியில் ஒரு பூங்காவில், மதன் கட்டாரியா என்ற மருத்துவர் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஐந்து பேராகச் சிரிக்கத் தொடங்கினார். முதலில் நடுவில் ஒருவர் நின்று நகைச்சுவைத் துணுக்குச் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். கூட்டம் பெருகியது, ஆனால் இரண்டு வாரங்களுக்குள் நல்ல துணுக்குகள் தீர்ந்துபோய், பிறரைப் புண்படுத்துகிறவையும் ஆபாசமானவையும் வரத் தொடங்கின. சிலர் முகம் சுளித்தார்கள். மன்றம் கலைந்துவிடும் நிலை வந்தபோதுதான் கட்டாரியா துணுக்கையே கைவிட்டார். காரணமே இல்லாமல் சிரிப்பது, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துச் சிரிப்பது, மூச்சுப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்வது என்று முறை மாறியது. யோகப் பயிற்சி பெற்ற அவருடைய மனைவியின் பங்கும் அதில் உண்டு. இன்று பல நாடுகளில் அந்த முறை பரவியிருக்கிறது.

சிரிப்பு யோகாவின் மருத்துவப் பலன் பற்றிச் சொல்லப்படுவதில் மிகையும் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். அதனால் அந்த மன்றத்தின் அமைப்பு கற்றுத்தரும் பாடம் குறைந்துவிடவில்லை. நகைச்சுவை ஒரு மொழியைச் சார்ந்தது. மராத்தித் துணுக்குக்குத் தமிழர் சிரிப்பது கடினம், தமிழ்த் துணுக்கு குஜராத்திக்காரருக்குப் புரியாது. துணுக்கு போன பிறகு மொழித்தடையும் போயிற்று. ஐம்பது வயதில் ஊரை விட்டு மகன் வீட்டோடு வந்து சேர்ந்த, இந்தி நாலு வார்த்தைக்கு மேல் வராத ஓர் அம்மா, அந்த வட்டத்தில் நின்று மற்றவர்களோடு கைதட்டிச் சிரித்துவிட்டு வர முடிகிறது. பேசத் தேவையில்லாத ஒரு கூட்டத்தில் இடம் கிடைப்பது, பேச்சு வராத ஊரில் பெரிய விஷயம்.

சிவாஜி பார்க்கின் கட்டா

தாதரின் சிவாஜி பார்க் 1925இல் மாஹிம் பார்க் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1927இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஏறக்குறைய 28 ஏக்கர் மைதானம், அதைச் சுற்றி நடைபாதை, நடைபாதையின் ஓரமாக இடுப்பளவுக்கும் குறைவான ஒரு சுவர். அந்தச் சுவரைத்தான் மும்பைக்காரர்கள் 'கட்டா' என்கிறார்கள். நம் ஊர்த் திண்ணையின் வேலையை இங்கே கட்டா செய்கிறது: வீட்டுக்கு உள்ளேயும் இல்லை, முழுதும் தெருவிலும் இல்லை, உட்கார்ந்தவரை யாரும் எழுந்துபோகச் சொல்வதும் இல்லை. மைதானத்தின் கிரிக்கெட் பெருமையை எழுத வேறு பலர் இருக்கிறார்கள். கட்டாவில் ஓய்வுபெற்றவர்கள், காதலர்கள், பரீட்சைக்குப் படிக்கிற மாணவர்கள், வேலை தேடுகிறவர்கள் என்று எல்லோரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, நகரத் திட்டத்தில் இவ்வளவு மலிவான, இவ்வளவு பயனுள்ள பொருள் வேறு உண்டா என்று தோன்றும்.

ஆனால் தமிழர்களுக்கு இந்த மைதானத்தின் நினைவு ஒரே நிறத்தில் இல்லை. 1966 ஜூனில் தொடங்கப்பட்ட சிவசேனை, தன் முதல் தசராப் பேரணியை அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்று இங்கேதான் நடத்தியது. தென்னிந்தியர்கள் மராட்டியரின் வேலையைப் பறிக்கிறார்கள் என்பது அந்த ஆண்டுகளில் அந்தக் கட்சி எழுப்பிய முக்கிய முழக்கங்களுள் ஒன்று. தென்னிந்திய உணவு விடுதிகள் தாக்கப்பட்ட காலம் அது. அன்றைக்கு இளைஞராக இருந்த மாட்டுங்காத் தமிழர் ஒருவர் அந்த மைதானத்தை எப்படிப் பார்த்திருப்பார் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. அதே தலைமுறையினர் பிற்காலத்தில் மராட்டிய நண்பர்களோடு கட்டாவில் உட்கார்ந்து அரசியலை அலசும் அளவுக்கு மாறியது எந்த ஒப்பந்தத்தாலும் நிகழவில்லை. ஒரே பாதையில் ஒரே திசையில் தினமும் நடந்தார்கள்; குழந்தைகள் ஒரே பள்ளியில் படித்தன; கட்சியின் குறியும் காலப்போக்கில் வேறு பக்கம் திரும்பியது. இம்மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மைதானம் திட்டமிட்டே உறவுக்குப் பயன்படுத்தப்பட்ட சந்தர்ப்பமும் மும்பையில் உண்டு. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த இந்து–முஸ்லிம் கலவரங்களில் தாராவி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதன் பிறகு காவல்துறை அதிகாரிகளும் சமூகப் பணியாளர்களும் சேர்ந்து மொஹல்லா கமிட்டிகள் என்ற பேட்டை அமைதிக் குழுக்களை உருவாக்கினார்கள். அவர்கள் எடுத்த முயற்சிகளுள் ஒன்று இளைஞர்களுக்கான அமைதிக் கிரிக்கெட் போட்டிகள். அமைதிக் கூட்டத்துக்கு வா என்றால் வராத இளைஞன், பந்து போட வா என்றால் வருவான் என்ற எளிய கணிப்பு அது.

தாராவியில் 'வெளி' என்பது

தாராவியில் தமிழர் வாழும் சந்துகளில் ஒரு குடும்பத்தின் வீடு பெரும்பாலும் ஒற்றை அறை. துணி துவைப்பது, காய் நறுக்குவது, குழந்தைக்குப் பாடம் சொல்லித்தருவது, பீடி புகைப்பது, பஞ்சாயத்துப் பேசுவது எல்லாம் வாசலில். அங்கே 'வெளியே போய்க் காற்று வாங்குவது' என்ற பேச்சுக்கே இடமில்லை. வாழ்க்கையின் பாதி ஏற்கெனவே வெளியில்தான் நடக்கிறது. சந்தில் காற்று குறைவு, வெயில் அதைவிடக் குறைவு, சாக்கடை நெருக்கம். ஆனால் முகப்பழக்கத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. "என்ன அண்ணாச்சி, ஆளயே காணும்?" என்ற கேள்வி, இரண்டு நாள் போகட்டும் என்று காத்திருக்காமல் இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிடும். மாட்டுங்காவில் தோட்டம் இருந்தது, ஆள்களைத் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தாராவியில் ஆள்கள் இருந்தார்கள், தோட்டம்தான் இல்லை.

தை முதல் நாள் இந்தக் குறையும் நிறையும் ஒருசேரத் தெரியும். 90 அடி சாலையில், பிள்ளையார் கோவிலை ஒட்டி, நூற்றுக்கணக்கான பெண்கள் செங்கல்லை அடுக்கி அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். வீட்டுக்குள் பானை வைக்க இடமில்லாதது ஒரு காரணம் என்றால், சூரியனைப் பார்த்துப் பொங்க வேண்டிய பண்டிகைக்குச் சூரியன் தெரிகிற இடம் சாலைதான் என்பது இன்னொன்று. ஒரு சில மணி நேரம் அந்தச் சாலை வண்டிகளுக்கு உரியதாக இல்லாமல் பெண்களுக்கு உரியதாகிறது. இதை வெறும் பண்பாட்டுக் காட்சியாகப் படமெடுத்துப் போடுகிறவர்கள், அந்தப் பெண்களுக்கு ஆண்டின் மற்ற நாள்களில் நகரத்தில் உட்காரக் கிடைக்கும் இடம் எது என்று கேட்பதில்லை.

தாராவிக்கு எதிரே, சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையின் மறுபக்கம், ஒரு காடு இருக்கிறது. நகரத்தின் குப்பைக் கிடங்காக இருந்த ஏறக்குறைய 37 ஏக்கர் நிலத்தில் 1980களில் மரம் நடத் தொடங்கி, 1994இல் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா என்று திறந்தார்கள். குப்பைமேட்டின்மேல் மண்ணைப் பரப்பி வளர்த்த மரங்கள் இன்று வானத்தை மறைக்கின்றன. மித்தி ஆற்றோரம் அலையாத்திக் காடும் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. பள்ளிக் குழந்தைகளை அழைத்து வந்து மரங்களைக் காட்டுவதில் அந்தப் பூங்கா நல்ல பணி செய்கிறது. ஆனால் வாயிலும் நுழைவுச்சீட்டும் நேரக் கட்டுப்பாடும் உள்ள ஓர் இடம், சாலைக்கு எதிரே இருந்தாலும் சந்தின் நீட்சியாக ஆவதில்லை. நுழைவுச்சீட்டு விலை சொற்பம்தானே என்று சொல்லலாம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் தினமும் போக நினைத்தால் அது சொற்பம் அல்ல. தினமும் போகாவிட்டால் முகப்பழக்கமும் உண்டாகாது. காட்டைப் பாதுகாக்கக் கட்டுப்பாடு தேவை என்பதும் உண்மை, கட்டுப்பாடு உள்ள இடத்தில் உரிமை உணர்வு வேர்பிடிக்காது என்பதும் உண்மை. இந்த முடிச்சை அவிழ்க்க எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

யார் பூட்டுகிறார்கள், எதற்காக

மும்பையில் ஒருவருக்குக் கிடைக்கும் பொதுத் திறந்தவெளி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். ஒரு பாயை விரித்தால் முடிந்துவிடும் இடம். மத்திய அரசின் நகரத் திட்ட வழிகாட்டுதல் 10 முதல் 12 சதுர மீட்டர் என்கிறது. இவ்வளவு அரிதான பொருளுக்குக் காவல் போட யாருக்கும் தோன்றும். அதனால்தான் இங்கே நல்ல நோக்கத்தோடு காப்பாற்றப்பட்ட இடங்களிலேயே வேலிகள் முளைக்கின்றன. குடியிருப்போர் சங்கங்கள் நீதிமன்றம் வரை போய் மைதானங்களை மீட்ட வரலாறு மும்பையில் பெருமைக்குரியது. மீட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். படுத்துத் தூங்குகிறவர்கள் வரக் கூடாது என்பதற்காகப் பெஞ்சின் நடுவே இரும்புக் கைப்பிடி வைக்கிறார்கள். 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை மாட்டுகிறார்கள். மதியம் சில மணி நேரம் பூட்டி வைக்கும் வழக்கமும் பல தோட்டங்களில் உண்டு. காலையில் நாலு வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு, மறுபடி நாலு மணிக்கு வேலைக்குப் போவதற்கு இடையில் ஓய்வுள்ள பெண்ணுக்குக் கிடைக்கும் ஒரே நேரம் அந்த மதிய நேரம்தான். ரயில் நிலைய நடைமேடையிலும் மூடிய கடைகளின் படிகளிலும் அவர்கள் உட்கார்ந்திருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பூங்காவின் நேரப்பட்டியலை எழுதியவர் அதைக் கவனத்தில் கொள்ளவில்லை.

மாநகராட்சியின் மைதானங்களைப் பராமரிப்புக்கென்று தனியாரிடமும் அமைப்புகளிடமும் ஒப்படைக்கும் கொள்கை, 2016இல் கடும் எதிர்ப்புக்குப் பிறகு நிறுத்திவைக்கப்பட்டதும் இதே அச்சத்தால்தான். அதற்கு முன் அப்படி ஒப்படைக்கப்பட்ட சில நிலங்கள் உறுப்பினர் கட்டணம் வாங்கும் கிளப்புகளாக மாறிவிட்டிருந்தன. பணமில்லாமல் பராமரிப்பு இல்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருமுறை உள்ளே போய்ப் பூட்டிக்கொண்ட நிலம் மறுபடி தெருவுக்கு வந்ததாகக் கேள்விப்படுவது அபூர்வம்.

கழிப்பறையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். சர்க்கரை நோயுள்ள முதியவர் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் நடப்பார் என்பதைத் தீர்மானிப்பது கால் வலிமை மட்டுமல்ல, வழியில் கழிப்பறை உண்டா என்பதும்தான். பெண்களுக்கு இது இன்னும் கடுமை.

பூங்காவுக்கு வெளியே கூட்டமாக நடக்கும் மரபுகளும் மும்பைத் தமிழர்களுக்குக் கைகொடுக்கின்றன. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்தவர்களுக்கும் பழனிக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கும், கூட்டத்தோடு நடந்தால் தூரம் தெரியாது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்பூர் முருகன் கோவிலின் படிகளைத் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் அதை உடற்பயிற்சி என்று சொல்லிக்கொள்வதில்லை; மருத்துவர் சொன்னால் ஏறாத படியை முருகன் சொன்னால் ஏறுகிறார்கள். இளையவர்களில் சிலர் சனி, ஞாயிறுகளில் சஹ்யாத்ரிக் கோட்டைகளுக்கு ஏறப் போகிறார்கள். 1954இல் தொடங்கப்பட்ட கிரிவிஹார் போன்ற மலையேற்றச் சங்கங்கள் இங்கே வளர்த்த பழக்கம் அது. மராத்தியைச் சரளமாகப் பேசுகிற தமிழ் இளைஞர்களுக்கு அந்தக் குழுக்கள் இயல்பாகவே திறந்திருக்கின்றன, பேசாதவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

கீழே இறக்கப்படும் நாற்காலிகள்

மறுகுடியமர்வுத் திட்டங்களில் சந்திலிருந்து அடுக்குமாடிக்குப் போனவர்களிடம்தான் இந்த விஷயம் முழுதும் வெளிப்படுகிறது. தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. சொந்தக் கழிப்பறை, குழாய்த் தண்ணீர், மழைக்கு ஒழுகாத கூரை ஆகியவற்றை வேண்டாம் என்று எவரும் சொல்ல மாட்டார். சந்து வாழ்க்கையைத் தூரத்திலிருந்து புகழ்கிறவர்கள் ஒரு மழைக்காலம் அங்கே இருந்து பார்க்க வேண்டும். ஆனால் மும்பையின் வேறு பகுதிகளில் முன்பே இப்படிக் குடியேறியவர்களின் கட்டடங்களுக்குப் போனால், இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே வெளிச்சம்கூட இறங்காத இடைவெளியையும், பழுதடைந்து நிற்கும் லிஃப்டையும் பார்க்கலாம். வாசல் என்று இருந்தது இப்போது மூடிய கதவு. கதவுக்கு வெளியே இருபுறமும் மூடிய கதவுகள் கொண்ட இருண்ட நடைவழி. ஏழாம் மாடியில் இருக்கும் முதியவளுக்குக் கீழே வருவது ஒரு பயணம் ஆகிவிடுகிறது.

அப்படியும் அவர்கள் வருகிறார்கள். மாலை ஐந்து மணிவாக்கில், பிளாஸ்டிக் நாற்காலிகளையும் முக்காலிகளையும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு இறங்கி, தூண்களுக்கு நடுவே வண்டிகள் நிறுத்தும் தரைத்தளத்தில், இரண்டு ஸ்கூட்டர்களை நகர்த்தச் சொல்லிவிட்டு வட்டமாகப் போட்டுக்கொள்கிறார்கள். யார் வரவில்லையோ அவருடைய மாடியை நோக்கி ஒருத்தி அண்ணாந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்த இடத்துக்கு வரைபடத்தில் 'வாகன நிறுத்தம்' என்றுதான் பெயர்.